சீமை, நாடு, நகரம்: சிவகங்கை எல்லைப்புற அரசும் அதன் அண்டை நாட்டாரும்

முன்னுரை

சோழ பாண்டியப் பேரரசுகளின் வரலாறு கல்வெட்டுகளின் துணைகொண்டு விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அப்பேரரசுகள் மறைந்த பின்னர்த் தமிழகத்தில் தோன்றிய சிற்றரசுகளின் வரலாறோ பெரும்பாலும் போர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எந்த ஆண்டில் யார் யாரை வென்றார் என்பதை அறிகின்றோம். போர் இல்லாத காலத்தில் அவ்வரசு எவ்வாறு இயங்கிற்று, தன் ஆணைக்கு முழுதும் அடங்காத அண்டை மக்களோடு அஃது எவ்வாறு உறவு கொண்டது, எல்லை கடந்து சென்ற வணிகப் பொதிகளைக் காத்தவர் யாவர் என்னும் வினாக்களுக்கு விடை காண்பார் சிலரே.

இவ்வினாக்களைச் சிவகங்கைச் சீமையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தெற்கே சேதுபதிகளின் இராமநாதபுரமும், வடக்கே தொண்டைமான்களின் புதுக்கோட்டையும், மேற்கே மதுரையும், வடமேற்கே மேலூர்ப் பகுதிக் கள்ளர் நாடுகளும் சூழ அமைந்த எல்லைப்புற அரசு இது. இதன் நடுவில், இன்று செட்டிநாடு எனப்படும் பகுதியில், நகரத்தார் என்னும் வணிகப் பெருங்குடியினர் வாழ்ந்தனர். அரசு, நாட்டார், நகரத்தார் என்னும் முத்திறத்தாரையும் பிணைத்த கட்டு யாது, அக்கட்டு அறுந்தபோது நேர்ந்தது யாது என்பவற்றை முறையே காண்போம்.

1. சொற்கள் உணர்த்தும் செய்தி

சொல்லாராய்ச்சியிலிருந்து தொடங்குதல் நலம். ‘சீமை’ என்பது எல்லை எனப் பொருள்படும் வடசொல்லின் வழி வந்தது. எல்லையைக் குறித்த சொல், பின்னர் அவ்வெல்லைக்கு உட்பட்ட நாட்டையே குறிப்பதாயிற்று. மறவர் சீமை, சிவகங்கைச் சீமை என்னும் வழக்குகள் இவ்வாறு எழுந்தவை. அதே சொல் பிற்காலத்தில் கடல் கடந்த நாட்டைக் குறித்துச் சீமைத்துணி, சீமையெண்ணெய் என்று வழங்கலாயிற்று. எல்லை, எல்லைக்குள் அமைந்த நாடு, எல்லைக்கு அப்பாலுள்ள நாடு என மூன்று பொருளும் ஒரே சொல்லில் அடங்கியமை நோக்கத்தக்கது.

‘நாடு’, ‘நகரம்’ என்பன சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆட்சிப் பிரிவுகளாகப் பயின்று வருவன. உழவர் பெருமக்களின் வட்டார அவை நாடு என்றும், அவ்வவையினர் நாட்டார் என்றும் குறிக்கப்பட்டனர். வணிகர் அவை நகரம் எனவும், அதன் உறுப்பினர் நகரத்தார் எனவும் பெயர் பெற்றனர். பேரரசு மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் சிவகங்கைப் பகுதியில் ஒருசாரார் நாட்டார் எனவும், மற்றொரு சாரார் நகரத்தார் எனவும் தம்மைக் கூறிக்கொண்டனர், இன்றும் கூறிக்கொள்கின்றனர். பழைய அவைகளே மாறாது நீடித்தன என இதனால் துணிதல் கூடாது. ஆயினும், மேலிருந்து ஆண்ட அரசுகள் மாறியபோதும் கீழிருந்து இயங்கிய அமைப்புகளின் பெயரும் கருத்தும் மக்கள் நினைவில் நிலைத்து நின்றன எனக் கூறலாம்.

‘பாளையம்’ என்னும் சொல் படை தங்கும் இடத்தைக் குறிப்பது. மதுரை விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் எழுபத்திரண்டு பாளையங்களை வகுத்தனர் என்பது மரபு. கும்பெனி ஆவணங்கள் சிவகங்கையையும் பாளையம் என்றே குறித்தன. தன் மக்கள் வாயில் சீமையாக நின்ற நாடு, ஆள வந்தார் ஏட்டில் படைவீடாக மாறியது. இச்சொல் வேறுபாட்டின் விளைவைக் கட்டுரையின் இறுதியில் காண்போம்.

2. நிலத்தின் இயல்பு

சிவகங்கைச் சீமை வானம் பார்த்த பூமி. வைகை அதன் தென்மேற்குப் பகுதியைத் தொட்டுச் செல்கிறது. மணிமுத்தாறு, பாம்பாறு, சருகணியாறு முதலியவை மழைக்காலத்தில் மட்டும் நீர் பெறுவன. ஆகவே, ஊர்தோறும் கண்மாய் அமைத்து மழைநீரைத் தேக்கி வேளாண்மை செய்தனர். கண்மாய் நிறைந்த ஆண்டு நெல். நிறையாத ஆண்டு புன்செய்த் தவசம் என்பதே உழவர் வாழ்வாயிற்று.

இத்தகைய நிலத்தில் நிலவரியை மட்டும் நம்பி ஓர் அரசு நிலைபெறுதல் அரிது. காளையார்கோயிலைச் சூழ்ந்திருந்த அடர்ந்த காடு அரசுக்கு அரணாயிற்று, கருவூலமாக உதவவில்லை. கருவூலத்துக்கு உதவியவை கடலுக்கும் உள்நாட்டுக்கும் இடையே சென்ற வழிகளே. கிழக்கே தொண்டித் துறை. மேற்கே திருப்பூவணம் வழியாக மதுரை. வடமேற்கே திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல்லும் பழனியும். இவ்வழிகளுக்கு இடையே அமைந்தமையே சிவகங்கையின் செல்வத்துக்கும் இடர்களுக்கும் காரணமாயிற்று.

இவ்வழிகள் பதினெட்டாம் நூற்றாண்டில் புதியனவாகத் தோன்றியவை அல்ல. பாரியின் பறம்பு எனக் கொள்ளப்படும் பிரான்மலையின் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பல திசை வணிகரும் கூடித் தம் சரக்குகளின்மேல் ஒரு சிறு பகுதியைக் கோயிலுக்கு அளிக்க இசைந்ததை அது கூறுகிறது. உப்பு, நெல், நூல், தேன் முதலிய உள்நாட்டுப் பொருள்களோடு அகில், பட்டு, பன்னீர் முதலிய அயல்நாட்டுப் பொருள்களும், யானை குதிரைகளும் அதில் இடம்பெறுகின்றன. கடற்கரையும் மலைநாடும் ஒன்றையொன்று சந்தித்த இடம் இப்பகுதி என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. வணிகர்க்குக் காவலாக நின்ற வீரர்களின் பெயரால் எறிவீரபட்டினம் என்னும் ஊர் வகை அக்காலத்தில் வழங்கியதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. வாணிகமும் காவலும் இந்நிலத்தில் தொன்றுதொட்டு இணைந்தே நடந்தன.

3. அரசின் தோற்றம்

சிவகங்கை அரசு சேதுபதிகளின் சீமையிலிருந்து பிரிந்து தோன்றியது. நாலுகோட்டையைச் சார்ந்த பெரிய உடையாத் தேவரின் மகன் சசிவர்ணத் தேவர், விசய ரகுநாத சேதுபதியின் மகளான அகிலாண்டேசுவரி நாச்சியாரை மணந்தார். ஆயிரம் படைவீரரைப் பேணுதற்குப் போதிய நிலத்தை மணக்கொடையாகவும், பிரான்மலை, திருப்பத்தூர், சோழபுரம், திருப்பூவணம் ஆகிய கோட்டைகளோடு தொண்டித் துறையின் பொறுப்பையும் அவர் பெற்றார் என்பர். மேற்குறித்த வணிக வழிகளை இவ்வூர்ப் பெயர்களோடு ஒப்பிட்டு நோக்கினால், அவருக்கு அளிக்கப்பட்டது வெறும் நிலமன்று, வழிகளின் வாயில்கள் என்பது விளங்கும்.

சேதுபதிக்குப் பின் அரசுரிமைப் பூசல் எழுந்தது. பவானி சங்கரத் தேவர் அரியணையைக் கைப்பற்றினார். அவரால் துரத்தப்பட்ட கட்டயத் தேவரும் சசிவர்ணத் தேவரும் தஞ்சை மராத்திய அரசனின் படைத்துணை பெற்று ஓரியூர்ப் போரில் அவரை வென்றனர். பின்னர்ச் சேதுபதி சீமை ஐந்து கூறாகக் கணக்கிடப்பட்டு, மூன்று கூறு கட்டயத் தேவருக்கும் இரண்டு கூறு சசிவர்ணத் தேவருக்கும் உரியவாயின. இந்நிகழ்ச்சியை 1728 என்பாரும் 1730 என்பாரும் உளர். படைத்துணைக்கு ஈடாகப் பாம்பாற்றுக்கு வடக்கிலிருந்த பகுதி தஞ்சைக்குச் சென்றது.

காளையார்கோயில் காட்டில் நாவல் மரத்தடியில் தவம் புரிந்த சாத்தப்பையா என்னும் ஞானியைச் சசிவர்ணர் கண்டதாகவும், அங்கிருந்த ஊற்றின் பெயரே சிவகங்கை என நாட்டுக்கு அமைந்ததாகவும் மரபு கூறும். மரபுக் கதையை வரலாறாகக் கொள்ளல் வேண்டா. ஆயினும், புதிய அரசு ஒன்று தன் உரிமைக்கு வாளை மட்டும் காட்டாது, தவத்தையும் நீரையும் காட்ட வேண்டியிருந்தது என்னும் உண்மை அக்கதையில் பொதிந்துள்ளது.

4. அண்டை நாட்டார்

சீமையின் வடமேற்கில் மேலநாடு, சிறுகுடி நாடு, வெள்ளலூர் நாடு முதலிய கள்ளர் நாடுகள் இருந்தன. சீமைக்கு உள்ளேயும் பட்டமங்கலம், பாகனேரி, மல்லாக்கோட்டை முதலிய நாடுகள் விளங்கின. இவற்றுக்கு முடிமன்னன் இல்லை. ஊர்க்கு ஊர் அம்பலம் என்னும் தலைமை உண்டு. பல ஊர்கள் சேர்ந்து நாடு. நாட்டுக்குள் ‘கரை’ என்னும் உட்பிரிவுகள். வழக்குகளைக் கோயில் முன்றிலில் கூடித் தீர்த்தனர். இத்தகைய அமைப்பை ஆட்சியற்ற நிலை எனக் கூறுதல் பொருந்தாது. மன்னன் இல்லாமையும் முறை இல்லாமையும் ஒன்றல்ல.

இந்நாடுகளின் உறுதிக்கு 1755ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். கும்பெனிப் படைத்தலைவன் எரான் மதுரைப் பகுதிக்குப் படையெடுத்து வந்தபோது, கோயில்குடிக் கோயிலின் தெய்வத் திருமேனிகளை அவன் படையினர் கவர்ந்து சென்றனர். திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர் திரண்டு தாக்கிப் பெருஞ்சேதம் விளைவித்தனர். இச்செய்தியைக் கும்பெனியின் வரலாற்றாசிரியராகிய இராபர்ட்டு ஓர்மே எழுதியுள்ளார். வரி கேட்டு வந்தவனோடு பேரம் பேசவும் விலகிச் செல்லவும் நாட்டார் அறிவர்; தம் கோயிலைத் தொட்டவனை மட்டும் அவர்கள் பொறுத்திலர்.

சிவகங்கை அரசர் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். ஆகவே, நாட்டாரை அடக்கியாள முயல்வதினும் அவர்களை உறவால் பிணைப்பதே அவர்தம் அரசியல் நெறியாயிற்று. அப்பிணைப்பு மூன்று வகையில் அமைந்தது. அவை காவல், மரியாதை, வாணிகம் என்பன.

5. காவலும் மரியாதையும்

காவல் இருவகைப்படும். ஓர் ஊரின் உடைமையைக் காப்பது தலக்காவல். ஒரு வட்டாரத்தையும் அதன் வழிகளையும் காப்பது திசைக்காவல். காவல் பூண்டோர் விளைவில் ஒரு பங்கையும், வழிச்செல்லும் பொதிக்கு இவ்வளவு என்று ஒரு கூலியையும் பெற்றனர். களவு போயின் பொருளை மீட்டுத் தரவோ, இழப்பை ஈடு செய்யவோ அவர்கள் கடமைப்பட்டனர். இக்காலக் காப்புறுதி முறைக்கு இஃது ஒருவாறு ஒப்பாகும். கூலி கொடாத ஊர் களவுக்கு இலக்காயிற்று என்னும் குறைபாடும் உண்மையே. காவலுக்கும் மிரட்டலுக்கும் இடைப்பட்ட கோடு மெல்லியது என்பதை மறைத்தல் வரலாற்று நேர்மையாகாது. எனினும், அரசனின் படை சென்று சேராத இடங்களில் வணிகப் பொதிகள் பாதுகாப்பாகச் செல்ல இம்முறையே வழி செய்தது.

மரியாதை என்பது கோயில் வழிப்பட்ட பிணைப்பு. தேவகோட்டைக்கு அருகிலுள்ள கண்டதேவிக் கோயில் சிவகங்கை அரசர் பொறுப்பில் அமைந்தது. அதன் தேர்த்திருவிழாவில் உஞ்சனை, செம்பொன்மாரி, இறகுசேரி, தென்னிலை என்னும் நான்கு நாட்டாரும் பங்குரிமை உடையோர். கோயில் அரசனுடையது, தேர் இழுப்போர் நாட்டார். பரிவட்டமும் திருநீறும் யார்க்கு முதலில் அளிக்கப்படுகின்றன என்பதே யார் எவ்விடத்தில் நிற்கின்றார் என்பதற்கு அளவுகோலாயிற்று. எழுத்து உடன்படிக்கை ஒன்று செய்யக்கூடியதை ஆண்டுதோறும் ஒரு தேர் செய்தது.

இம்மரியாதை முறை அனைவரையும் ஒருங்கே அணைத்தது எனக் கொள்ளுதல் தவறு. இதன் வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டோரும் இருந்தனர். கண்டதேவித் தேர்வடம் பிடிக்கும் உரிமை குறித்து ஒடுக்கப்பட்ட மக்கள் எழுப்பிய வழக்கு 1990களின் இறுதியில் நீதிமன்றத்துக்குச் சென்றது. பல ஆண்டுகள் தேர் ஓடாமல் நின்றது. 2024இல் மீண்டும் ஓடிற்று. பழைய அரசியல் ஒழுங்கு ஒன்றை ஆராய்வோர், அவ்வொழுங்கு யார்க்கு இடம் தந்தது என்பதோடு யார்க்கு இடம் தரவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.

6. உப்பு வழியும் வணிகமும்

நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாட்டுக்குக் குடிபெயர்ந்தோர் என்பது அவர்தம் மரபு. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது கோயில்களின் வழியே அவர்கள் தம்மைப் பகுத்துக்கொண்டனர். இவ்வூர்கள் அனைத்தும் நாம் ஆராயும் எல்லைப்புற நிலத்திலேயே அமைந்தவை.

பிற்காலத்தில் பர்மாவிலும் மலேயாவிலும் பெருஞ்செல்வம் ஈட்டிய இவ்வணிகரின் தொடக்ககாலத் தொழில்களுள் உப்பு வாணிகம் சிறப்பிடம் பெற்றது. பழனியோடு தொடர்புடைய அறப்பட்டயங்கள் 17ஆம் நூற்றாண்டில் நேமத்துக் குமரப்பன் என்னும் வணிகர் உப்பு விற்கச் சென்ற செய்தியைக் கூறுகின்றன. விற்ற உப்பின் ஆதாயத்தில் ஒரு பகுதி முருகனுக்கு மகமையாக ஒதுக்கப்பட்டது. வணிகக் கூட்டாளிகளுள் ஒருவனாகவே முருகன் வைத்து எண்ணப்பட்டான் எனலாம். பிரான்மலைக் கல்வெட்டு வணிகரும் தம் சரக்கில் ஒரு பகுதியைக் கோயிலுக்கு அளித்ததை இதனோடு இயைத்துக் காண்க. சங்க இலக்கியம் காட்டும் உமணர் வண்டிகளில் உப்பேற்றி நெடுவழி சென்றது போலவே, இவர்களும் கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்றனர்.

இனி ஒன்று கருதத்தக்கது. இன்றும் தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டு நகரத்தார் காவடி ஏந்திப் பழனிக்கு நடந்து செல்கின்றனர். குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல்லைக் கடந்து பழனியை அடைவது அவர் வழி. 1755இல் எரானின் படை தாக்கப்பட்ட கணவாய்ப் பகுதி இவ்வழியிலேயே உள்ளது. படைக்கு இடர் விளைத்த அதே வழி வணிகனுக்கும் அடியார்க்கும் திறந்திருந்தது எங்ஙனம்? காவற்கூலி கொடுத்துச் சென்றமை ஒரு காரணம். வழியெங்கும் கோயிலுக்கும் மடத்துக்கும் கொடை அளித்து நாட்டாரின் நல்லெண்ணத்தைப் பெற்றமை மற்றொரு காரணம் எனக் கருதுதற்கு இடமுண்டு. வழிபாட்டு வழி பழைய வாணிக வழியின் நினைவைத் தாங்கி நிற்கிறது.

அரசர்க்கும் வணிகர்க்கும் இருந்த உறவுக்குக் குன்றக்குடி ஒரு சான்று. பெரிய மருதுவுக்கு உண்டான இராசபிளவை நோய் அங்கிருந்து நகரத்தார் ஒருவர் கொணர்ந்த திருநீற்றால் தீர்ந்தது எனவும், அதனால் அவர் அக்கோயிலுக்குத் திருப்பணி செய்தார் எனவும் மக்கள் வழங்குகின்றனர். மருதாபுரி என்னும் திருக்குளம் அவர் பெயரை இன்றும் தாங்கியுள்ளது.

7. கட்டு அறுந்த காலம்

1750 அளவில் பட்டம் பெற்ற முத்துவடுகநாதத் தேவர் ஆர்க்காட்டு நவாபு முகமது அலிக்குப் பணிந்து திறை செலுத்த மறுத்தார். 1772 சூன் 25இல் கும்பெனிப் படை காளையார்கோயிலைத் தாக்கியபோது அவர் வீழ்ந்தார். அரசி வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியுடனும், பிரதானி தாண்டவராய பிள்ளையுடனும், மருது உடன்பிறந்தாருடனும் சென்று, திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சியில் கோபால நாயக்கரின் ஆதரவில் தங்கினார். ஐதர் அலியின் துணை பெற்று 1780இல் சீமையை மீட்டார். இவ்வெட்டாண்டு வாழ்க்கை ஓர் உண்மையைக் காட்டுகிறது. நவாபு தலைநகரைக் கைப்பற்றி அதற்கு உசேன்நகர் எனப் பெயரிட்டும், சீமையை ஆள இயலவில்லை. தலைநகரைக் கைக்கொண்டவன் காவலையும் மரியாதையையும் கைக்கொண்டவன் ஆகான்.

மீட்சிக்குப் பின் ஆட்சியின் உண்மைப் பொறுப்பு மருது உடன்பிறந்தார் கைக்கு வந்தது. அவர்கள் அரச குடியினர் அல்லர். மக்கள் அன்பும் நாட்டார் துணையும் அவர்க்கு இருந்தன, பிறப்புரிமை இல்லை. 1795 அளவில் சின்ன மருதுவோடு பழகிய கும்பெனி அதிகாரி சேம்சு வெல்சு, எறிபடையாகிய வளரியை வீசத் தமக்குக் கற்பித்தவர் அவரே என நன்றியோடு எழுதியுள்ளார். ஆறாண்டுகள் கழித்து அவ்வதிகாரியே அவரை எதிர்த்த படையில் நின்றார்.

1801 சூன் 16இல் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்டது. அது சம்புத்தீவில் வாழும் எல்லாச் சாதியாரையும் விளித்து எழுதப்பட்டமை பெரிதும் எண்ணத்தக்கது. எல்லைப்புற அரசு ஒன்றின் பிரதானி தன் சீமையின் எல்லையைக் கடந்து பேசினார். நாட்டார் பலரை ஒன்றுசேர்த்துப் பழகியவர்க்கே இவ்விரிந்த நோக்கு வாய்க்கும். ஆயின், அவர்தம் பிறப்புரிமைக் குறையைக் கும்பெனி நன்கு பயன்படுத்திற்று. படமாத்தூர்க் கௌரி வல்லபத் தேவரைத் தேடிக் கொணர்ந்து 1801 செப்டம்பரில் சோழபுரத்தில் அரசராக ஏற்றுக்கொண்டது. இதனால் மறவர் குடிகளுள் பிளவு உண்டாயிற்று. சிறுவயலிலிருந்து காட்டை வெட்டி வழியமைக்க ஒரு திங்களுக்கு மேல் முயன்றும் நிறைவேறாத செயலை இப்பிளவு எளிதாக்கிற்று. அக்டோபர் 1இல் காளையார்கோயில் வீழ்ந்தது. அக்டோபர் 24இல் மருது உடன்பிறந்தார் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். மறு ஆண்டில் வேங்கன் பெரிய உடையாத் தேவரும், சின்ன மருதுவின் இளம் மகன் துரைச்சாமியும் உள்ளிட்ட எழுபத்துமூவர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர்.

8. இருவேறு விளைவுகள்

1801 டிசம்பரில் படைக்கலம் தாங்குதலைத் தடை செய்யும் கும்பெனி அறிக்கை வெளிவந்தது. 1803இல் நிலையான வரித்திட்டம் சிவகங்கையைச் சமீனாக்கிற்று. அரசர் வரி தண்டும் சமீன்தாராயினர். பின்னாளில், கௌரி வல்லபர் 1829இல் மறைந்தபின் எழுந்த வாரிசு வழக்கு முப்பதாண்டுக்கு மேல் நீண்டு, 1863இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் கட்டம நாச்சியாருக்குச் சார்பாக முடிந்தது. அவ்வழக்கில் சமீன், கௌரி வல்லபரின் சுயார்ச்சித உடைமையாகவே கொள்ளப்பட்டது. சசிவர்ணர் காலந்தொட்டு வந்த சீமை, சட்டத்தின் கண்ணில் 1801இல் ஒருவர் ஈட்டிய சொத்தாயிற்று. இந்துச் சட்டம் பயில்வோர் இவ்வழக்கை அறிவர். ஓர் அரசின் முந்தைய வரலாறு இங்ஙனம் கணக்கிலிருந்து விடப்பட்டதை வரலாறு பயில்வோரும் அறிதல் வேண்டும்.

அண்டையில் வாழ்ந்த இரு திறத்தார்க்கும் இம்மாற்றம் எதிரெதிரான விளைவுகளைத் தந்தது. வழிகளில் கூலியும் சுங்கமும் ஒழிந்து கும்பெனி அமைதி பரவியது நகரத்தார்க்கு வாய்ப்பாயிற்று. அவர்தம் பொருள் இலங்கைக்கும், 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைப்பட்ட பின்னர் அந்நாட்டுக்கும் சென்றது. உப்புப் பொதியைக் கணக்கிட்ட பேரேடும் ஐந்தொகையும் இப்போது கடல் கடந்த கடன்களைக் கணக்கிட்டன. சமீன்தார்களே அவர்களிடம் கடன்பட்டனர். காரைக்குடி, தேவகோட்டை மனைகளின் பர்மாத் தேக்குத் தூண்கள் அவ்வாணிகத்தின் சான்றுகள்.

நாட்டாருள் காவலை நம்பி வாழ்ந்தோர்க்கோ தொழில் பறிபோயிற்று. நேற்றுவரை முறைப்படி பெற்ற கூலி இன்று குற்றமாயிற்று. காவலர் என்னும் பெயர் மறைந்து கள்வர் என்னும் பெயர் ஆவணங்களில் நிலைத்தது. ஆங்கில அலுவலர் இக்குடிகளை ‘டிரைபு’ என்னும் சொல்லால் குறித்தனர். நாடு என்னும் ஆட்சி அமைப்பைக் குறிக்க வேண்டிய இடத்தில் பிறப்பால் வரும் இயல்பைக் குறிக்கும் சொல் வந்து அமர்ந்தது. சொல் அதனோடு நின்றிலது. 1871இல் வடநாட்டில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. மதுரைக்கு மேற்கிலுள்ள பிறமலைக் கள்ளரும், ஆப்பநாட்டுக் கொண்டையங்கோட்டை மறவரும் அதன்கீழ்க் கொணரப்பட்டனர். ஆடவர் கைரேகை பதிந்து, இரவில் காவல் நிலையத்தில் தங்க வேண்டியவராயினர். மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றே வழங்கினர். 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் இதனை எதிர்த்து நின்றோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1947இல் சென்னை மாகாணத்தில் இச்சட்டம் நீக்கப்பட்டது.

சட்டம் நீங்கியும் சொல் நீங்கவில்லை. நம் ஆராய்ச்சி நூல்கள் சிலவற்றில் கும்பெனி ஆவணத்தின் சொற்கள் ஆராயப்படாமலே மொழிபெயர்ந்து வருகின்றன. ‘கலகம்’, ‘கொள்ளைக் கூட்டம்’, ‘அடங்காப் பாளையக்காரர்’ என்பன அத்தகையவை. இவற்றுக்கு மாறாகச் சிவகங்கைச் சரித்திரக் கும்மியும் சிவகங்கைச் சரித்திர அம்மானையும் மருதிருவரைப் போற்றும் நோக்கில் அமைந்தவை. அவற்றின் புகழ்ச்சியையும் அப்படியே ஏற்றல் இயலாது. ஆவணம் பகைவனின் கண்; அம்மானை அன்பனின் கண். இரண்டையும் ஒப்பிட்டு, கோயில் மரியாதை, காவற்கூலி, வணிகர் பட்டயம் ஆகிய மூன்றாம் வகைச் சான்றுகளால் சீர்தூக்குவதே ஆராய்ச்சியாளர் கடமையாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு:

சிவகங்கைச் சீமை எல்லைக்கற்களால் அன்றி, வழிகளின் வாயில்களைக் கைக்கொண்டதால் உருவான அரசு. அதன் அண்டையிலும் அகத்தும் வாழ்ந்த நாட்டார், மன்னன் இன்றியும் முறையுடன் வாழ்ந்த மக்கள். காவல், மரியாதை, வாணிகம் என்னும் மூன்று கட்டுகள் அரசையும் நாட்டையும் நகரத்தையும் பிணைத்தன. 1801இல் அரசு வீழ்ந்ததோடு காவலும் வீழ்ந்தது. நகரத்தாரின் பொருள் கடல் கடந்தது. நாட்டாருள் ஒரு சாரார் ஒரு சொல்லின் பழிக்கு ஆளாயினர். மரியாதை மட்டும் கோயில்களில் எஞ்சி, அதன் பெருமையோடும் குறையோடும் இன்றளவும் வாழ்கிறது.

இத்துறையில் செய்ய வேண்டிய பணி இன்னும் மிகுதியாக உண்டு. செட்டிநாட்டு மனைகளின் பெட்டகங்களில் உள்ள பழைய பேரேடுகளும், நாட்டு அம்பலங்களின் வீடுகளில் உள்ள ஓலைகளும் கறையானுக்கு இரையாகும் முன் படியெடுக்கப்படுதல் வேண்டும். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்க் கோயிலில் யார்க்கு எம்மரியாதை என்பதைக் கேட்டெழுதினாலே ஒரு புதிய வரலாற்றுக்குக் கால்கோள் ஆகும். எழுதும்போது எச்சொல்லால் எம்மக்களைக் குறிக்கின்றோம் என்பதையும் எண்ணி எழுதுவாராக. ஏட்டில் ஒருவன் இட்ட பெயர் ஒரு தலைமுறையின் இரவுகளைக் காவல் நிலையத்தில் கழிக்கச் செய்தது என்பதை நாம் கண்டோம்.